புதுக்கோட்டையில் நூலும் நூலகமும்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் பரப்பில் சிறியது. மழையை நம்பிய கண்மாய்களும் பொட்டல்களும் நிறைந்தது. ஆயினும் தன் வரலாற்றைத் தானே தேடித் தொகுத்து அச்சிட்டுக்கொண்ட சமஸ்தானங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. 1910இல் அங்கே அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய சமஸ்தான வரலாறு 1916இல் வெளிவந்தது. சமஸ்தானத்துக் கோயில்களிலும் குன்றுகளிலும் படியெடுத்த 1,130 கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் நூலானது. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு இருக்கும் நாட்டில் கல்வெட்டுகளைக் காகிதத்துக்குக் கொண்டுவரும் வேலை இவ்வளவு முன்பாகவே நடந்தது பொருத்தமே. 1938 முதல் 1944 வரை கே. ஆர். வேங்கடராம ஐயர் பதிப்பித்த சமஸ்தானக் கையேடு பகுதி பகுதியாக வந்தது. கிராமம் கிராமமாகச் செய்தி திரட்டி எழுதிய இக்கையேட்டை இன்றும் வரலாற்று ஆய்வாளர்கள் முதலில் புரட்டுகிறார்கள். இந்நூல்களை அச்சிட்டது அம்மன் பிரகதாம்பாளின் பெயர் தாங்கிய, சமஸ்தானத்துக்குச் சொந்தமான அச்சகம்.

இவை அறிஞர்களுக்கான நூல்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தவை. பொதுமக்கள் கையில் புத்தகம் கொடுப்பது வேறு வேலை. இந்தியச் சமஸ்தானங்களில் அந்த வேலையை முதலில் பெரிய அளவில் செய்தது பரோடா. மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1910இல் அமெரிக்க நூலகர் வில்லியம் பார்டனை வரவழைத்துத் தலைநகரிலும் கிராமங்களிலும் நூலகங்களை ஏற்படுத்தினார். பெட்டிகளில் நூல்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பும் நடமாடும் நூலகமும் அங்கே இருந்தது. பார்டனுக்குப் பின் அத்துறையை நடத்தியவர் ஜே. எஸ். குடால்கர். 1919 நவம்பர் 14 அன்று சென்னையில் கூடிய முதல் அகில இந்தியப் பொது நூலக மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். ஒரு சமஸ்தானத்தின் நூலகர் தம் நாட்டின் அனுபவத்தைச் சுமந்து வந்து தேசிய மேடையில் பேசியதற்கு இது முன்னோடியான நிகழ்ச்சி. ஆந்திர நூலக இயக்கத்தைக் கட்டிய அய்யங்கி வேங்கடரமணய்யா அம்மாநாட்டுக்காகப் பெரிதும் உழைத்தார். அந்த நாளை முதலாகக் கொண்டே இன்று நாடெங்கும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடப்படுகிறது.

பரோடாவைப்போல அரசே நூலகங்களை விரித்த வரலாறு புதுக்கோட்டைக்கு இல்லை. இங்கே அந்த வேலை ஊர்க்காரர்களிடமிருந்து தொடங்கியது. சமஸ்தானத்தின் தெற்கிலும் மேற்கிலும் இருந்த நகரத்தார் ஊர்கள் பர்மா, மலேயா, இலங்கை லேவாதேவித் தொழிலால் செழித்தவை. கடல் கடந்து ஈட்டிய பணம் வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் மாறியதை எல்லோரும் அறிவர். அதில் ஒரு பங்கு தமிழுக்கும் வந்தது. பொன்னமராவதிக்கு அருகிலுள்ள மேலைச்சிவபுரியில் 1909இல் சன்மார்க்க சபை நிறுவப்பட்டது. மகிபாலன்பட்டிப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதற்கு உயிர் ஊட்டினார். புலவர்கள் கூடும் ஆண்டு விழா, தமிழ்ப் பாடம், நூல் தொகுப்பு என்று வளர்ந்த அச்சபை பின்னாளில் கணேசர் செந்தமிழ்க் கல்லூரியை நடத்தியது. தமிழறிஞர் வ. சுப. மாணிக்கம் பிறந்ததும் அதே ஊரில்தான். தமிழ் படிக்க மதுரைக்கும் சென்னைக்கும் போக வேண்டியிருந்த காலத்தில் ஒரு சிற்றூர் தன் செலவில் தமிழ்க் கல்விக்கு இடம் அமைத்தது சாதாரணக் காரியம் அன்று.

திருமயத்துக்கு அருகிலுள்ள ராயவரத்தின் பங்கு இன்னும் பெரியது. 1912இல் அங்கே பிறந்த வை. கோவிந்தன் சென்னைக்குச் சென்று சக்தி காரியாலயம் என்னும் பதிப்பகத்தை ஏற்படுத்தினார். 1939இல் ‘சக்தி’ மாத இதழைத் தொடங்கினார். யோகி சுத்தானந்த பாரதியும் தி. ஜ. ரங்கநாதனும் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தனர். தொ. மு. சி. ரகுநாதன், கு. அழகிரிசாமி ஆகிய இளம் எழுத்தாளர்களுக்குச் சக்தி அலுவலகம் பிழைப்பும் பயிற்சியும் தந்தது. டால்ஸ்டாயின் ‘இனி நாம் செய்ய வேண்டுவது யாது?’ சக்தியின் தொடக்ககால வெளியீடுகளுள் ஒன்று. பெங்குயின் நூல்களைப் பார்த்து, அதே அளவிலும் அடக்கத்திலும் தமிழ்ப் புத்தகம் வர வேண்டும் என்று விரும்பியவர் கோவிந்தன். தாள், எழுத்துரு, கட்டமைப்பு எதையும் அவர் கவனிக்காமல் விட்டதில்லை. பெண்களுக்காக ‘மங்கை’ என்ற இதழையும் நடத்தினார்.

கோவிந்தனின் பெயரை நிலைநிறுத்தியது அவருடைய மலிவுப் பதிப்புகள். பாரதியின் எழுத்துகளை 1949இல் சென்னை மாகாண அரசு தன்னுடைமை ஆக்கி, பின்பு 1950களின் நடுவில் யாரும் அச்சிடலாம் என்று மக்களுக்கு விட்டது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி 1957இல் பாரதியார் கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்குச் சக்தி வெளியிட்டது. திருக்குறள் பரிமேலழகர் உரையும் அதே விலையில் வந்தது. ஒரு பதிப்பாளர் ஆதாயத்தை இவ்வளவு குறைத்துக்கொண்டால் அதிகப் பிரதி விற்றுத்தான் ஈடுகட்ட முடியும். அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை கோவிந்தனுக்கு இருந்தது, கையிருப்பு இல்லை. கடன் நெருக்கடியிலேயே அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1966இல் அவர் மறைந்தார். பாரதியைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுசேர்த்ததில் அவருடைய பங்கு எந்த நூலகத்தின் பங்குக்கும் குறைந்ததன்று.

அதே ராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா முதலில் வேலைக்குச் சேர்ந்தது சக்தி காரியாலயத்தில்தான். பின்னர் இந்தியன் வங்கிக்குப் போனார். குழந்தைகளுக்கு எழுதுவதை விடவில்லை. அவருடைய முதல் பாடல் தொகுதி ‘மலரும் உள்ளம்’ 1944இல் வந்தது. ‘பாலர் மலர்’, ‘டமாரம்’, ‘சங்கு’, ‘பூஞ்சோலை’ எனச் சிறுவர் இதழ்கள் பலவற்றுக்கு ஆசிரியராக இருந்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமானார். வங்கிப் பணியிலிருந்து விடுப்பில் வந்து, தென்மொழிகள் புத்தக நிறுவனத்தில் சில ஆண்டுகள் சிறப்பு அலுவலராகவும் பணியாற்றினார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் நல்ல நூல்களைக் குறைந்த விலையில் பரப்புவதே அந்நிறுவனத்தின் நோக்கம். பாட்டு எழுதுவதோடு கவிஞரின் வேலை முடிந்துவிடவில்லை, அது பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அவருடைய பொதுப்பணி முழுவதிலும் தெரிகிறது.

வள்ளியப்பாவின் காலத்தில் புதுக்கோட்டை நகரமே சிறுவர் இதழ்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியாவில் காகிதக் கட்டுப்பாடு இறுகியது, புதிய இதழ் தொடங்க அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. சமஸ்தான எல்லைக்குள் அந்தக் கெடுபிடி குறைவாக இருந்ததையே இங்கே இதழ்கள் பெருகியதற்குக் காரணமாக இதழியல் வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். போரால் பர்மாவை விட்டு வந்த நகரத்தாரின் பணமும் அந்நேரத்தில் உள்ளூரில் முதலீடு தேடியது. சிறுகூடல்பட்டியிலிருந்து வந்த முத்தையா என்ற இளைஞர் 1944இல் புதுக்கோட்டையில் ‘திருமகள்’ இதழில் சேர்ந்து ஆசிரியரானபோது அவருக்கு வயது பதினேழு. கண்ணதாசன் என்ற பெயரை அவர் சூடிக்கொண்டதும் அப்போதுதான். 1947இல் முருகு சுப்பிரமணியனும் அரு. பெரியண்ணனும் ‘பொன்னி’யைத் தொடங்கினார்கள். பாரதிதாசனைப் பின்பற்றி எழுதிய இளங்கவிஞர்களை ‘பாரதிதாசன் பரம்பரை’ என்ற தலைப்பில் அது வரிசையாக அறிமுகப்படுத்தியது. சுரதா, முடியரசன் போன்றோர் தமிழ்நாடெங்கும் தெரிய வந்ததில் பொன்னிக்குப் பங்குண்டு. முருகு சுப்பிரமணியன் பிற்காலத்தில் மலேசியாவில் ‘தமிழ் நேசன்’ நாளிதழின் ஆசிரியரானார்.

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. அதே 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்று, 1931இல் நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன் இச்சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர். கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அதை நிறைவேற்றிக் கொடுத்தார். மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கு வருவாயாக உள்ளாட்சிகள் வசூலிக்கும் வீட்டு வரியோடு சேர்ந்த நூலக வரி என்பது சட்டத்தின் அடிப்படை. வீடு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஊர் நூலகத்துக்குச் சிறிது செலுத்துகிறார் என்பதால், அது யாரோ ஒருவர் தயவில் நடக்கும் தருமம் அன்று, ஊரார் உரிமை. ரங்கநாதனின் நூலகச் சிந்தனை சட்டத்தில் இறங்கிய இடம் இது.

புதுக்கோட்டையின் பொது நூலகங்கள் இவ்வாறு முதலில் திருச்சிராப்பள்ளியின் ஏற்பாட்டுக்குள் வளர்ந்தன. 1972இல் தமிழக அரசு பொது நூலகங்களுக்குத் தனித் துறையை அமைத்தது. நூலகத் தொழிலிலேயே வளர்ந்த வே. தில்லைநாயகம் அதன் முதல் இயக்குநரானார். அதுவரை பொதுக் கல்வித் துறையின் ஒரு கிளையாக இருந்த நூலகப் பணிக்கு நூலகர் ஒருவரே தலைவரானது பெரிய மாற்றம். நூலக இயக்கத்தின் வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதியவரும் அவரே. அதே ஆண்டு மத்திய அரசு கொல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையை நிறுவியது. மாநிலம் ஒரு பங்கு போட்டால் தானும் பங்கு போட்டு நூல் வாங்கித் தரும் அதன் திட்டத்தால், மாநில நூலகத் துறைகள் தேசிய அளவில் ஒன்றுகூடிப் பேசும் களம் ஏற்பட்டது.

1974 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் கொடுத்த அரண்மனையில் ஆட்சியர் அலுவலகம் அமைந்தது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்ற படிநிலை இங்கும் வந்தது. ஊர்ப்புற நூலகர் என்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். நூலகத்தைத் திறப்பது, கூட்டுவது, நாளிதழை மேசையில் விரிப்பது, நூல் வழங்குவது, பதிவேடு எழுதுவது, உறுப்பினர் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தொகுப்பூதியத்தில் பல ஆண்டுகள் இவ்வேலையைச் செய்தவர்களின் உழைப்புக்குத் தமிழ் வாசகர்கள் பட்டிருக்கும் கடன் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. நூலகத்தைச் சூழ்ந்து இயங்கும் வாசகர் வட்டம், ஆயிரம் ரூபாய் கொடுத்துப் ‘புரவலர்’ ஆகும் உள்ளூர்க்காரர்கள் ஆகிய துணைகளோடுதான் பல கிளைகள் ஓடுகின்றன.

அரசு நூலகம் புழக்கத்துக்கானது. கிழிந்ததும் பழையதும் காலப்போக்கில் கழிக்கப்படும். கழிந்துபோவதைக் காக்கும் வேலையைத் திருக்கோகர்ணத்தில் ஒரு ஆசிரியக் குடும்பம் ஏற்றுக்கொண்டது. பி. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் கட்டிய ஞானாலயா ஆய்வு நூலகம் அது. தந்தை கொடுத்த நூல்களை விதையாகக் கொண்டு 1959 முதல் கிருஷ்ணமூர்த்தி சேர்க்கத் தொடங்கினார். அரசுப் பள்ளியில் அவரும் கல்லூரியில் டோரதியும் வாங்கிய சம்பளம் பழைய புத்தகக் கடைகளுக்கும் பயணங்களுக்கும் போயிற்று. முதற்பதிப்புகள், நின்றுபோன இதழ்கள், மலர்கள், சிறு வெளியீடுகள் என்று சேர்ந்து தொகுப்பு ஒரு லட்சத்தைக் கடந்தது. வீட்டுக்குள் அடங்காமல் நூல்களுக்கென்றே தனிக் கட்டடம் எழுப்ப வேண்டியதாயிற்று.

முதற்பதிப்பைத் தேடுவது வெறும் பழம்பொருள் ஆசை அன்று. தமிழ் நூல்களில் பின்வந்த பதிப்புகள் முன்னுரையை நீக்கியிருக்கும், காணிக்கைப் பக்கத்தை விட்டிருக்கும், சில நேரம் வரிகளையே மாற்றியிருக்கும். நூல் எந்தச் சூழலில் பிறந்தது, யார் பணம் கொடுத்தார், எந்த அச்சகம், என்ன விலை, எத்தனை பிரதி என்பவை முதற்பதிப்பின் முன்பக்கங்களில் மட்டும் கிடைக்கும். இதழ்களின் நிலை இதைவிட மோசம். வாரா வாரம் படித்துவிட்டு எடைக்குப் போட்டதால் அவற்றின் பெரும்பகுதி அழிந்தது. ஞானாலயாவுக்கு ஆய்வு மாணவர்கள் தமிழகத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருவது இதற்காகவே. அட்டவணையைத் தேடுமுன் கிருஷ்ணமூர்த்தியிடம் கேட்டால் நூல் இருக்கும் அடுக்கையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு நூல்களையும் சொல்லிவிடுவார் என்பது அங்கே போய்ப் படித்தவர்கள் பலரும் எழுதியிருக்கும் செய்தி. அண்டை மாவட்டமான சிவகங்கையின் கோட்டையூரில் ரோஜா முத்தையா இதேபோல் ஒரு பெருந்தொகுப்பைச் சேர்த்திருந்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக அமைத்தது. இரண்டு தொகுப்புகளும் நகரத்தார் நாட்டின் எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ உருவானதற்கு அந்த ஊர்களின் நூல் வாங்கும் பழக்கமும் பரணில் போட்டு வைக்கும் பழக்கமும் காரணம்.

நூல் எவ்வளவு இருந்தாலும் படிக்கத் தெரிந்தால்தானே? 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம் இந்தக் கேள்வியை நேரே எதிர்கொண்டது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானதன் உற்சாகம் தமிழகத்துக்கும் பரவியிருந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்தனர். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இயக்கத்தைத் தம் சொந்த வேலையாக எடுத்துச் செய்தார். கல் குவாரியிலும் வயலிலும் உழைத்துத் திரும்பிய பெண்கள் அரிக்கேன் விளக்கில் அட்டை பிடித்துப் படித்தார்கள். பாட்டும் வீதி நாடகமும் வகுப்புக்கு ஆள் சேர்த்தன.

இங்கே எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்தது. மையங்களுக்குப் போய்வரப் பெண் தொண்டர்களுக்கு வண்டி வேண்டியிருந்தது. ஓட்டக் கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தார். பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய ஊர்களில் அதற்கென்று ஒரு பாட்டே பிறந்தது, எழுதியவர் முத்துபாஸ்கரன். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். யூனிசெஃப் நிறுவனம் பெண் தொண்டர்களுக்கு 50 மொபெட்டுகள் வழங்கியது. மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் விரிவாக எழுதினார். தண்ணீர்க் குடம், பிள்ளை, விளைபொருள் எல்லாவற்றையும் பின்னால் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திராமல் போக முடிந்தது. 1992 ஆகஸ்டில் முழு எழுத்தறிவு மாவட்டம் என்ற அறிவிப்பு வந்தது.

புதிதாகப் படிக்கக் கற்றவருக்கு உடனே தேவைப்படுவது பெரிய எழுத்தில், சிறிய வாக்கியத்தில், தம் வாழ்க்கையைப் பற்றிய புத்தகம். அப்படிப்பட்ட நூல்கள் தமிழில் அதுவரை அரிது. அறிவொளிக்காக எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் கூடிச் சிறு நூல்களை உருவாக்கினார்கள், நாட்டுப்புறக் கதைகள் மீண்டும் அச்சுக்கு வந்தன. இயக்கம் முடிந்த பிறகு தொடர்கல்வி போதிய பலத்தோடு நடக்காத இடங்களில் கற்றவர் பலர் மறந்தும் போயினர். ஒவ்வொரு மையத்துக்கும் பக்கத்தில் உயிரோடு ஒரு ஊர்ப்புற நூலகம் இருந்திருந்தால் அந்த இழப்பு குறைந்திருக்கும். ஆனால் அறிவொளி விட்டுச்சென்ற ஆட்கள் போகவில்லை. அந்தத் தொண்டர்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும்தான் இருபத்தைந்து ஆண்டு கழித்து மாவட்டத்தின் புத்தகத் திருவிழாவை முன்னின்று நடத்தினார்கள்.

இந்தியாவில் பெரிய அளவிலான புத்தகக் கண்காட்சி 1972இல் புதுதில்லி உலகப் புத்தகக் கண்காட்சியோடு நிலைபெற்றது. 1957இல் உருவான நேஷனல் புக் டிரஸ்ட் அதை நடத்தியது. மாநில மொழிப் பதிப்பாளர்கள் ஒரே வளாகத்தில் கூடுவதற்கு அது வழி செய்தது. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. மாவட்டங்களுக்கு இந்த வழக்கம் பரவியதில் ஈரோட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை அங்கே நடத்தும் திருவிழா, பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து ஆண்டு முழுதும் காசு சேர்க்க வைத்து, அந்தக் காசில் புத்தகம் வாங்கச் செய்தது.

புதுக்கோட்டையில் முதல் புத்தகத் திருவிழா 2016இல் நடந்தது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அறிவொளிக் காலத்தைப்போலவே மறுபடி இணைந்தன. பகலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தனர். மாலையில் எழுத்தாளர்களின் உரை. 2022 முதல் எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்த மாநில அரசு நிதி ஒதுக்கி, பொது நூலகத் துறையையும் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசியையும் இதில் சேர்த்தது. திருவிழாவுக்கு முன்னதாக மாவட்டப் பள்ளிகளில் ஒரே நேரத்தில் எல்லா மாணவரும் நூல் எடுத்துப் படிக்கும் ‘புதுக்கோட்டை வாசிக்கிறது’ நிகழ்ச்சியும் நடந்தது.

இவ்விழாக்களில் நூலகருக்கு வேலை பல. நூலகத் துறையின் அரங்கில் உட்கார்ந்து புதிய உறுப்பினரைச் சேர்ப்பதும் புரவலர்களைத் தேடுவதும் அவர் கடமை. பதிப்பாளரிடம் புதிய வெளியீடுகளைக் கையில் எடுத்துப் பார்க்கவும், தம் கிளையில் வாசகர் கேட்டும் கிடைக்காத தலைப்புகளைக் குறித்துக்கொள்ளவும் அவருக்கு அங்கே வாய்ப்பு உண்டு. பதிப்பாளருக்கு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணை எவ்வளவு முக்கியமோ, நூலகருக்கு வாசகர் கேட்ட நூல் அவ்வளவு முக்கியம். நூல் தெரிவு சென்னையில் நடப்பதால் அந்தக் குரல் மேலே போய்ச் சேர்வது எப்போதும் எளிதாக இருப்பதில்லை. தேசிய நூலக வாரத்தில் தமிழக அரசு ரங்கநாதன் பெயரால் நல்நூலகர் விருது வழங்கும்போது மாவட்ட மைய நூலகர் முதல் ஊர்ப்புற நூலகர் வரை பல நிலையினரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். விருதுக்குக் கணக்கில் கொள்ளப்படும் பணிகளில் உறுப்பினர் சேர்க்கை, புரவலர் சேர்க்கை, நூலகத்துக்கு நன்கொடையாகப் பெற்ற இடமும் பொருளும் அடங்கும்.